வீடே பள்ளியாகுமோ?

பதினான்கு வயது நிரம்பிய மகனையோ மகளையோ பள்ளியினின்று விலக்கி, வீட்டிலேயே கற்பித்து, கல்லூரி வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தலாமா? இவ்வினா இப்பொழுது பெங்களூரிலும் மும்பையிலும் புனாவிலும் வாழும் நம்மவர் சிலர் வீடுகளிலும் நுழைந்திருக்கின்றது. நம் பாட்டன்மாரிடம் இதனைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். பள்ளிக்குள் நுழைய வழி தேடி அலைந்தவர்கள் அவர்கள். பள்ளியை விட்டு வெளியேற வழி உண்டோவென்று வினவுகின்றவர் அவர்தம் பேரர். இம்மாறுதல் ஒருவகையில் மகிழத்தக்கதே. வேண்டாமென்று சொல்லும் உரிமை, உள்ளே செல்லும் உரிமை பெற்றவனுக்கே உண்டு. ஆயினும் அவ்வுரிமையைச் செலவிடுகின்றவர் யார், அதன் விலையைக் கொடுக்கப் போகின்றவர் யார் என்பதை நாம் ஆராயாது விடலாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பெற்றோர் பலர் முதன்முறையாகத் தம் பிள்ளைகள் என்ன கற்கின்றனர், எவ்வாறு கற்கின்றனர் என்பதைக் கண்ணாற் கண்டனர். கண்டவர் அனைவரும் மகிழவில்லை. ஒரு பாடத்தை மனப்பாடஞ் செய்து ஒப்புவிப்பதற்கு நாள்தோறும் எட்டு மணி நேரமும் இரண்டு பேருந்துகளும் வேண்டுமா என்று கேட்டவர் உளர். கேள்வி நியாயமானதே. பள்ளிக்கூடம் என்றால் அறிவு என்று எந்தச் சாத்திரமும் கூறவில்லை.

முதலில் சட்டத்தின் நிலையைக் காண்போம். 2002ஆம் ஆண்டின் எண்பத்தாறாம் திருத்தம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அவ்வயதினர்க்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோர் கடமையென்றும் அரசியலமைப்பில் எழுதிற்று. அதனையொட்டி 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக் கல்வி என்னும் சொல்லே அச்சட்டத்தில் இல்லை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றி அச்சட்டம் பொதுவாகப் பேசுவதுமில்லை. இனிக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். 2016இல் திருத்தப்பட்ட அச்சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கின்றது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் புறம்பே உதவுவதற்கு இடந்தருகின்றது. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோர்க்கோ ஆபத்தான தொழில்களை மட்டுமே விலக்குகின்றது. ஆகவே பதினான்காம் வயதில் பள்ளிச் சட்டமும் கையை எடுத்துக்கொள்கின்றது, தொழிற் சட்டமும் தன் பிடியைத் தளர்த்துகின்றது. அந்நாள் முதல் பிள்ளையின் படிப்பைக் காப்பது பெற்றோரின் மனச்சாட்சி ஒன்றே. எனவேதான் இது சட்டத்தால் தீர்க்கப்படாத அறவினாவாக நம்முன் நிற்கின்றது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். ‘பிரைவேட்டாகப் பரீட்சை எழுதட்டும்’ என்னும் சொற்றொடர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பெண் பூப்பெய்தியதும், பள்ளி தொலைவில் இருக்கின்றது, காலம் கெட்டுக் கிடக்கின்றது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஏதேனுமொரு காரணத்தை முன்னிட்டு அவளை நிறுத்திவிட்டுச் சொல்லப்பட்ட வாக்கியம் அது. பரீட்சைக்குப் பணம் கட்டியவர் சிலர்; கட்டாதவர் பலர். இன்று ‘வீட்டுக் கல்வி’ என்னும் அழகிய பெயர் கிடைத்திருக்கின்றது. பெயர் புதிதாயினும் பூட்டு பழையதாக இருக்கலாம். மகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கக் கருதும் தந்தை, அதே முடிவை மகனுக்கும் செய்திருப்பேனா என்று தன்னைத் தான் கேட்டுக்கொள்ளட்டும். காலை முதல் மாலை வரை அவள் கையில் இருப்பது புத்தகமா, துடைப்பமா என்பதையும் ஒரு வாரம் உற்று நோக்கட்டும். மகனுக்கும் இவ்வினா உண்டு. கடையில் அமர்த்தப்பட்ட பையன் இரவில் எத்தனைப் பக்கம் படிக்கின்றான்?

அங்ஙனமாயின் வீட்டுக் கல்வியை முற்றும் விலக்கிவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. பள்ளியினின்று பிள்ளையை விலக்குதற்கு நமக்கு நகரத்துச் செல்வர்க்கில்லாத காரணங்கள் உள. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்களே ஒரு தலித் மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். நன்றாகப் படிக்கின்றான் என்பது அவன் செய்த குற்றம். அதன்பின் தமிழ்நாட்டரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 சூன் மாதம் அவர் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதையும் தடுக்க வேண்டுமென்றது. மணிக்கட்டிற் கட்டும் கயிற்றுக்கும் அறிக்கை வேண்டியிருக்கும் நாட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தாயைக் குறை கூறும் வாய் நமக்கில்லை. அம்மாணவனோ படிப்பை விடவில்லை. மறு ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வென்றான். அவனுடைய துணிவைப் போற்றுவோம். ஆனால் அத்தகைய துணிவை எல்லாப் பிள்ளைகளிடத்தும் கடனாகக் கேட்க எவர்க்கும் உரிமையில்லை.

அண்ணல் அம்பேத்கர் சிறுவராய்ச் சாத்தாராவில் பயின்றபோது, தமக்கெனத் தனிக் கோணிப்பை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுசென்று அதன்மேல் அமர்ந்தார் என்பதை நாமெல்லாரும் அறிவோம். அவர்தம் தந்தையார் இராம்ஜி அந்த அவமானத்தைக் கண்டு மகனைப் பள்ளியினின்று நிறுத்தினாரில்லை. ஆயினும் கல்வி முழுவதையும் பள்ளியிடம் விட்டுவிடவுமில்லை. ஆங்கிலத்தையும் கணக்கையும் தாமே வீட்டிற் பயிற்றினார். பம்பாயில் ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்த காலத்தில், மகனை முன்னிரவில் உறங்கவைத்துப் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்தார். நூல்கள் வாங்குதற்கு மணமான தம் பெண்களின் நகைகளைக் கேட்டுப் பெற்று அடகு வைத்தார். 1907இல் மகன் மெட்ரிகுலேசன் தேறினார். வீட்டுக் கல்வி என்பதற்கு நம் வரலாற்றில் இதனினும் சிறந்த சான்று வேறில்லை. ஆனால் அது பள்ளிக்கு மாற்றாக நிற்கவில்லை, பள்ளி தர மறுத்ததை ஈடுசெய்தது. இவ்வேறுபாட்டை நம்மவர் கருத்திற் கொள்ள வேண்டும்.

பள்ளியின்றி வீட்டிலேயே கற்றுப் பேரறிஞரானவர் வரலாற்றில் இல்லையோ எனின், உளர். அவருள் தலையாயவர் ஆங்கிலத் தத்துவஞானி சான் சுடூவர்ட் மில். அவர் எந்தப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் சென்றவரல்லர். இந்திய வரலாறு எழுதிய சேம்சு மில் என்னும் தந்தையே அவர்க்கு ஆசான். மூன்றாம் வயதிற் கிரேக்கமும் எட்டாம் வயதில் இலத்தீனும் தொடங்கி, பதின்மூன்று வயதிற்குள் தருக்கமும் பொருளியலும் கற்றார். பிற சிறுவரோடு கூடினாற் கெடுவான் என்று தந்தை அவரைத் தனித்தே வளர்த்தார். 1823இல், பதினேழாம் வயதில், தந்தை வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்திலேயே மகனும் அமர்ந்தார். வீட்டிலும் தந்தை, பாடத்திலும் தந்தை, அலுவலகத்திலும் தந்தை! 1826இல், இருபதாம் வயதில், அவர் உள்ளம் இடிந்தது. தாம் விரும்பிப் பாடுபட்ட சீர்திருத்தங்கள் யாவும் நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மைத் தாமே வினவினார். இல்லை என்னும் விடையே உள்ளிருந்து எழுந்தது. ஏனெனில் அந்த விருப்பங்களே தந்தை பதியம் வைத்தவை. பல மாதம் இருளிற் கிடந்து, கவிதை படித்தும் பிறரோடு பழகியும் மெல்ல மீண்டார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் இதனை மறைக்காது கூறியிருக்கின்றார். தந்தை தீயவரல்லர், கற்பித்ததிற் குறையுமில்லை. மகன் தந்தையை விட்டு விலகி நிற்க ஓர் இடம் வைக்கப்படவில்லை, அவ்வளவே. அதே மில் 1859இல் எழுதிய ‘சுதந்தரம்’ பற்றிய நூலில் முன்வைத்த யோசனை சிந்திக்கத் தக்கது: பிள்ளைகள் கற்றாக வேண்டுமென்று அரசு வற்புறுத்தட்டும், எங்கே, எவ்வாறு என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், கற்றார்களா என்பதைப் பொதுத் தேர்வு காட்டட்டும். வீட்டிலேயே வளர்ந்த அவர், வீட்டுக்கு வெளியே ஒரு சான்று வேண்டுமென்றார்.

நம் மரபிலும் இதற்கொப்பான செய்தி ஒன்று உண்டு. பகவான் புத்தர் கபிலவத்துவுக்கு மீண்டபோது, மகன் இராகுலன் தந்தையிடம் சென்று தன் உரிமைச் சொத்தைக் கேட்டான். பகவானோ அவனைத் துறவில் சேர்த்துக்கொள்ளுமாறு சாரிபுத்தரிடம் ஒப்படைத்தார். உலகுக்கே ஆசானாகிய ஒருவர், தம் மகனுக்கு உபாத்தியாயராக வேறொருவரை அமர்த்தினார் என்பதை நாம் பலகாற் கேட்டும் பொருட்படுத்துவதில்லை. பின்னர் மகனுக்குத் தாமும் போதித்தார். செயலைச் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஆராய்ந்து பார் என்று கற்பித்தார். ஆயினும் அன்றாடப் பொறுப்பு சாரிபுத்தருடையது. இச்செய்தியின் மறுபாதி இன்னும் கூர்மையானது. பேரனைக் கேளாமற் கொண்டுபோய்விட்டனரே என்று சுத்தோதனர் வருந்தி முறையிட்டார். பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையைத் துறவிற் சேர்த்தலாகாது என்னும் விதி அன்று பிறந்தது. இளைஞனொருவனின் வாழ்க்கைப் போக்கை மாற்றும் முடிவில், அதனால் நோவுறக்கூடியவரைக் கேட்காதிருத்தல் தவறு என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. பள்ளியை விட்டு நிறுத்துவதால் முதலில் நோவுறக்கூடியவர் அப்பிள்ளையே அன்றோ? பதினான்கு வயதில் தன் கருத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை எது? இசைவு என்பது ஒருநாட் கூடத்தில் நிறுத்திக் கேட்டுத் தலையசைப்பைப் பெறுவதன்று. ஆண்டுதோறும் கேட்க வேண்டும். ‘திரும்பப் பள்ளிக்குப் போகின்றேன்’ என்று சொன்னால் சினவாது அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பிற் சேருங்காலம் அவ்வாறு திரும்புதற்கு எளிய வாயில்.

இனி, கதவுகளைத் திறந்து வைத்திருத்தல் என்பது வெறும் நல்லெண்ணத்தால் நடவாது. விவரம் தெரிய வேண்டும். நாடு முழுவதற்குமான திறந்தநிலைப் பள்ளி 1989இல் தனி நிறுவனமாக அமைந்தது. 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று பெயர் மாறிற்று. பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்கும், பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்து நிரம்பியவர் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடைபெறுகின்றது. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு வரை செல்லும். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. உடல் நலிந்த பிள்ளைக்கும், விளையாட்டிலோ இசையிலோ முனைந்திருக்கும் பிள்ளைக்கும், பள்ளியில் அடிபட்டு மனம் ஒடுங்கிய பிள்ளைக்கும் இஃது உண்மையான நிழல்.

ஆயினும் எந்தப் பாடங்களைத் தெரிந்தெடுப்பது என்பதிலேதான் பலர் இடறுகின்றனர். எளிதாகத் தேறலாமென்று கணிதத்தை விடுத்த பிள்ளைக்கு, பதினேழாம் வயதிற் பொறியியலின் வாயில் அடைந்திருக்கும். பொருளியல் கற்பிக்கும் நல்ல கல்லூரிகள் சிலவும் கணிதம் கேட்கும். மருத்துவத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு ஏற்புப் பெற்ற பயிற்சி நிலையம் ஒன்றைச் சார்ந்தாக வேண்டும். அங்குள்ள ஆய்வுக்கூடத்தைப் பதிவுக்கு முன்னரே போய்ப் பார்த்துவருதல் நன்று. பலகையில் மட்டும் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் நிலையங்களும் உண்டு! திறந்தநிலைப் பள்ளியிற் கற்றவர் நீட் தேர்வெழுதலாகாது என்று மருத்துவக் கவுன்சில் விதி வைத்திருந்தது. 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 2024இல் உச்சநீதிமன்றத்தில் அவ்வழக்கு மாணவர்க்குச் சாதகமாகவே முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐயத்தோடு படித்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களிற் பல 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே சேர்த்துக்கொள்கின்றன. ஆங்கே திறந்தநிலைச் சான்றிதழும் செல்லும்.

நம் மக்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. பள்ளி தரும் சில உரிமைகள் பள்ளியோடே போய்விடும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் கற்றவர்க்குத் தமிழ்நாடு 2020இல் மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தது. மறு ஆண்டு பொறியியல் முதலிய தொழிற் படிப்புகளுக்கும் அதனை விரித்தது. இடையில் ஓராண்டு வீட்டிலிருந்தால் அந்த இடம் கைநழுவும். கருநாடகத்திலோ, மாநிலத் தொழிற்கல்வி இடங்களுக்கு உரியவராக வழங்கப்படும் விதிகளுள் முதன்மையானது, முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் ஏழாண்டேனும் அம்மாநிலத்துக் கல்விக்கூடங்களிற் பயின்றிருத்தல். தங்கவயலிலும் பெங்களூரிலும் தலைமுறையாக வாழ்வோர் இவ்வாண்டுக் கணக்கை முதலில் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். பௌத்தரான பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கீட்டுரிமை 1990ஆம் ஆண்டின் திருத்தத்தாற்றான் கிடைத்தது. அதற்கான சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் பள்ளியில் இருக்கையில் எளிதாகக் கைக்கு வரும். பள்ளியை விட்டபின் ஓரெழுத்துப் பிழையைத் திருத்துதற்கும் தாலுகா அலுவலகத்துப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இத்தொல்லை இல்லை. பெருஞ்செலவில் அயல்நாட்டுத் தேர்வு எழுதித் தனியார் பல்கலைக்கழகத்திற் சேர்வர். அவர் செய்கின்றார் என்று நாமும் செய்தால், அவருக்கு ஊஞ்சலாக இருப்பது நமக்குப் பள்ளமாகலாம்.

கல்லூரிக்கு ஆயத்தமாதல் என்பது சான்றிதழோடு முடிவதுமன்று. வீட்டில் வளர்ந்த இளைஞன் தானே படித்துப் பழகியவன். இது பெரிய பேறு. ஆசிரியர் குறிப்பு வாசிக்கக் காத்திருக்கும் பள்ளி மாணவனைவிடக் கல்லூரி நூலகத்தை அவன் நன்கு பயன்படுத்துவான். ஆனால் பிறர் வைத்த நாளுக்குள் வேலையை முடித்துக் கொடுத்தல், மூன்று மணி நேரம் எழுந்திராது கையால் எழுதுதல், விரைந்து பேசும் அயலார் ஒருவரின் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தல், தன்னை நேசிக்காத ஒருவர் தன் விடைத்தாளைத் திருத்துவதைத் தாங்குதல் ஆகியவை தாயின் மேசையருகே வாரா. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியற் கழகமும் 2003 முதல் வழங்கிவரும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பதினேழு வயதில் அவற்றுள் ஒன்றை முறையாகக் கேட்டு முடித்தவனுக்குக் கல்லூரி வகுப்பு அச்சந்தராது. ஆனால் பாடங் கேட்பது ஒருபுறமிருக்க, கூட்டாளிகள் வேண்டும். தன்னினும் கெட்டிக்காரனைக் கண்டு பொறாமைப்பட்டு, தன்னினும் மெதுவானவனுக்குச் சொல்லிக் கொடுத்து, சண்டையிட்டுச் சமாதானமாவதற்கு உடன்பிறந்தார் போதார். சாதி சொல்லி இழிப்பவனும் ஒருநாள் கல்லூரியில் எதிர்ப்படுவான். அவனை முதன்முறை பதினெட்டாம் வயதில், விடுதி அறையில், துணையின்றிச் சந்திக்க நம் பிள்ளையை விடலாகாது. எதிர்த்து விடைசொல்லவும், எழுத்தில் முறையிடவும், முறையீட்டை ஏற்காத அதிகாரிக்கு மேலும் ஒருவர் உண்டென்று அறியவும் முன்னமே பழக்க வேண்டும்.

கற்பிக்கும் பாரம் யார் தலையில் விழுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். ‘நாங்கள் வீட்டில் கற்பிக்கின்றோம்’ என்று தந்தை பெருமையோடு சொல்வார், கற்பிக்கின்றவள் தாய். அவள் வேலையை விட்டிருப்பாள், அல்லது வேலையோடு இதனையும் சுமப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலை எந்தத் தாயும் தந்தையும் தனித்துக் கற்பிக்க வல்லரல்லர். வல்லரென்று நடிப்பதால் பிள்ளைக்கே கேடு.

1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி திறந்தபோது, அங்கே சேர்ந்தவர்க்கு வீட்டிற் கற்பிக்கக் கற்றவர் எவருமிலர். இன்று நம் சங்கங்களில் பட்டதாரிகள் உளர், பொறியியலாளர் உளர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உளர். நம் மண்டபங்களோ ஞாயிறு தவிர மற்றை மாலைகளிற் பூட்டியே கிடக்கின்றன. கணிதம் அறிந்த அன்பர் ஒருவரும் ஆங்கிலம் அறிந்த அம்மையார் ஒருவரும் வாரத்தில் இரண்டு மாலை வருவாராயின், காரணம் பற்றிப் பள்ளியை விட்ட பிள்ளைக்குப் பெற்றோரல்லாத ஆசானும் வயதொத்த கூட்டாளிகளும் ஒருங்கே கிடைப்பர். பள்ளி செல்லும் பிள்ளைகளும் அதே பாயில் வந்து அமரலாம். விளக்குச் செலவு பெரிதன்று. திறவுகோல் யாரிடம் இருக்கின்றதென்று செயலாளரைக் கேட்டால் தெரியும்.